டெல்டாவின் குரலை மாநிலங்களவையில் எழுப்புவது எப்படி: உழவர் அமைப்புகளுக்கான முழு வழிகாட்டி

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடிக்கும் நாள்களில், திருவாரூர் மாவட்டத்து நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றின் களத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். பட்டியல் எழுத்தர் குவியலிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் போடுகிறார்; எண் 18.6 என்று வந்து நிற்கிறது. "இன்னும் ஒரு காய்ச்சல் போட்டு எடுத்துட்டு வாங்கய்யா" என்கிறார். மேலே மேகம் மூட்டம் போட்டிருக்க, அந்த உழவர் நெல்லை மறுபடி அள்ளிக்கொண்டு போய்த் தார்ச்சாலையின் ஓரத்தில் பரப்புகிறார். அவருடைய கோபம் முழுவதும் அந்த எழுத்தர் மேல்தான். ஆனால் 17 சதவீதம் என்ற வரம்பை வைத்தவர் அவர் அல்லர். மாவட்ட ஆட்சியரும் அல்லர். மாநில அரசுகூட அல்ல. ஒன்றிய உணவுத்துறை நாடு முழுமைக்கும் வகுத்த கொள்முதல் தர விதியில் இருக்கும் எண் அது. அதைத் தளர்த்தும் அதிகாரமும் அங்கேயே இருக்கிறது. அப்படியானால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் களத்து மேடை அன்று, நாடாளுமன்றம்.

இந்த வழிகாட்டி மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் வழியாக நம் வட்டாரத்துப் பிரச்சினையை அவையில் எழுப்பவும், அதற்குப் பதில் வாங்கவும், அந்தப் பதிலைப் பின்தொடரவும் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. மக்களவை உறுப்பினரை நம் ஆள்கள் எளிதில் அணுகிவிடுகிறார்கள், அவரிடம் வாக்கு என்ற கணக்கு இருக்கிறது. மாநிலங்களவைப் பக்கம்தான் நாம் குறைவாகப் போகிறோம்.

யாரிடம் போவது

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் உண்டு. சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இவர்களுக்குப் பதவிக்காலம் 6 ஆண்டு. 2 ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகிறார்கள். அமெரிக்க செனட் சபையிலும் இதே 6 ஆண்டு, இதே மூன்றில் ஒரு பங்கு என்ற ஏற்பாடுதான். ஆனால் அங்கே பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற பேதமின்றி ஆளுக்கு இரண்டு இடம், இங்கே பெரும்பாலும் மக்கள்தொகையை ஒட்டிய பங்கீடு.

டெல்டாக்காரர்கள் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. காவிரி கடலில் கலக்கும் பகுதியில் இருக்கும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, புதுச்சேரிக்கு மாநிலங்களவையில் தனியாக ஓர் இடம் இருக்கிறது. அரசலாற்றுக் கடைமடையில் தண்ணீர் வராத துன்பம் மாவட்ட எல்லை பார்த்து நிற்பதில்லை என்பதால், நம் கணக்கில் 18 குரல் அல்ல, 19 குரல்.

இந்த உறுப்பினர்களுக்குத் தொகுதி கிடையாது. "நான் உங்கள் தொகுதி உறுப்பினர் இல்லையே" என்று அவர்கள் ஒதுங்கவும் இது இடம் கொடுக்கிறது, "தமிழ்நாடு முழுவதும் உங்கள் தொகுதிதான்" என்று நாம் உரிமையோடு போய் நிற்கவும் இடம் கொடுக்கிறது. எந்த உறுப்பினர் எந்த நிலைக்குழுவில் (துறைவாரியாக ஆராயும் நாடாளுமன்றக் குழுவில்) இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். வேளாண்மை, உணவு, நீர்வளம் ஆகிய துறைகளின் நிலைக்குழுவில் இருக்கும் ஒருவர், ஊர்க்காரராக இருக்கும் மற்றொருவரைவிட நமக்கு அதிகம் பயன்படுவார். சாதி, கட்சி, சொந்த ஊர் என்ற வரிசையில் ஆள் தேடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். இந்த வேலைக்கு அது உதவாது.

முதற்படி: பிரச்சினை யாருடைய பட்டியலில் இருக்கிறது

இந்தப் படியில்தான் பத்தில் எட்டு மனுக்கள் செத்துப்போகின்றன, ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒன்றிய அரசு முதன்மையாகப் பொறுப்பேற்கும் விஷயமாக இல்லாத எந்தக் கேள்வியையும் மாநிலங்களவைச் செயலகம் ஏற்பதில்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் வேளாண்மையும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளின் ஒழுங்குமுறை ஒன்றியப் பட்டியலில் 56ஆவது பதிவாக இருக்கிறது. ஆக, உங்கள் ஊர் வாய்க்கால் தூர்வாரப்படவில்லை என்பது தில்லியில் பேசக்கூடிய பொருளே அல்ல. அதைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஆட்சியரின் உழவர் குறைதீர் கூட்டத்திலும் பேச வேண்டும். தமிழ்நாட்டு எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் ஆகஸ்டு மாதம் வந்திருக்க வேண்டிய 45.95 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) வந்ததா என்பதோ தில்லியில் மட்டுமே பேசக்கூடிய பொருள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு அளித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தி, கர்நாடகம் பில்லிகுண்டுலுவில் தர வேண்டிய நீரை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. மாதவாரியாகப் பார்த்தால் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22 என்று போகிறது. இதைக் கண்காணிக்கும் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018 ஜூன் மாதம் அமைக்கப்பட்டது. அது ஒன்றிய ஜல் சக்தி அமைச்சகத்தின்கீழ் வருகிறது. "கர்நாடகம் தண்ணீர் தர மறுக்கிறது" என்று எழுதினால் அது இரு மாநிலங்களின் சண்டை. "ஆணையம் இந்தப் பாசன ஆண்டில் எத்தனை முறை கூடியது, ஒவ்வொரு மாதமும் பில்லிகுண்டுலுவில் அளக்கப்பட்ட நீர் எவ்வளவு, பற்றாக்குறை இருந்தால் ஆணையம் எடுத்த நடவடிக்கை என்ன" என்று எழுதினால் அது அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி. வழக்கு நிலுவையில் இருக்கும் விஷயத்தில் கருத்துக் கேட்பதற்கு விதி இடம் தராது, ஆனால் அளவும் நாளும் கேட்பதற்குப் பெரும்பாலும் தடை வராது.

பயிர்க் காப்பீடு இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் விஷயம். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிருக்கு உழவர் கட்டும் பங்கு காரீஃப் (மழைக்கால) பருவத்தில் 2 சதவீதம், ராபி (குளிர்கால) பருவத்தில் 1.5 சதவீதம், மீதிக் கட்டணத்தை ஒன்றியமும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. விதிகள் ஒன்றியத்துடையவை, பயிர் அறுவடைச் சோதனை நடத்துவது மாநிலத்து அலுவலர்கள். இழப்பீடு தாமதமானது ஏன் என்று பொதுவாகக் கேட்டால் "மாநிலத்திடமிருந்து மகசூல் விவரமும் பங்குத்தொகையும் வரவில்லை" என்ற ஒரு வரிப் பதில் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆகவே காலக்கெடு தாண்டிய காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டிய 12 சதவீத வட்டி, தமிழ்நாட்டில் எந்தெந்தப் பருவத்துக்கு எவ்வளவு வசூலிக்கப்பட்டது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைச் சென்னையின் மேல் தள்ள முடியாது.

ரயில், பெருந்துறைமுகம், நாகை, காரைக்கால் மீனவர் கைது, நிலக்கரியும் எண்ணெயும் எடுக்கும் ஏலம் ஆகியவை முழுக்க ஒன்றியத்தின் பொருள்கள். இவற்றில் இந்தக் குழப்பமே இல்லை.

இரண்டாம் படி: அவையின் நாட்காட்டியும் வயலின் நாட்காட்டியும்

நாடாளுமன்றம் ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. ஜனவரிக் கடைசியில் தொடங்கும் பட்ஜெட் கூட்டத்தொடர் இடையில் சில வாரம் ஓய்ந்து, ஏப்ரல் வரை போகிறது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி. இதை நம் சாகுபடியின்மேல் வைத்துப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டுக் குறுவை நடவு நடக்கும் காலத்துத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு மழைக்காலத் தொடர் பொருந்துகிறது. சம்பா, தாளடி மூழ்குவதற்கும் காப்பீட்டுப் பதிவுக்கும் குளிர்காலத் தொடர் ஒருவாறு பொருந்துகிறது. சம்பா அறுவடை, கொள்முதல், ஈரப்பதம் ஆகியவற்றுக்குப் பட்ஜெட் தொடரின் முதற்பகுதி கச்சிதமாக அமைகிறது.

பொருந்தாமல் போவது குறுவை அறுவடை. செப்டம்பர், அக்டோபரில் நெல் களத்துக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழையும் வாசலுக்கு வந்துவிடுகிறது. அப்போது அவை பெரும்பாலும் கூடுவதில்லை. ஆண்டுதோறும் அந்த மாதங்களில் நனைந்த நெல்லின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. ஆண்டுதோறும் அவையில் அதைப் பற்றிப் பேசப்படும்போது மூட்டைகள் முளைத்து முடிந்திருக்கின்றன. இதற்கு ஒரே வழி, குறுவை ஈரப்பதத் தளர்வுக்கான கேள்வியை ஜூலையிலேயே கேட்டுவிடுவதுதான். மழை பெய்யும் முன்பு மழையைப் பற்றிக் கேட்பது பத்திரிகைக்குச் செய்தியாகாது என்பதால் உறுப்பினர்கள் தயங்குவார்கள், வற்புறுத்துங்கள்.

கேள்விக்கு முழுதாய் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கூட்டத்தொடர் அறிவிப்பு வெளியாகும் வாரத்தில் உங்கள் குறிப்பு உறுப்பினரின் மேசையில் இருக்க வேண்டும். தொடர் தொடங்கிய பிறகு தில்லிக்கு ரயில் ஏறுவது படம் எடுத்துக்கொள்ள மட்டுமே பயன்படும்.

மூன்றாம் படி: எந்த வழியில் எழுப்புவது

மாநிலங்களவையில் காலை 11 மணிக்குத் தாள்கள் வைக்கப்பட்டதும் பூஜ்ய நேரம். நண்பகல் 12 மணிக்குக் கேள்வி நேரம். மக்களவையில் இந்த வரிசை தலைகீழ்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். நாளொன்றுக்கு 15 கேள்விகளுக்கே இடம், அதுவும் குலுக்கலில் வர வேண்டும். பட்டியலில் வந்தாலும் முதல் ஏழெட்டுக்குள் வராவிட்டால் வாய்மொழிப் பதிலுக்கு நேரம் இருக்காது. நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகள் நாளொன்றுக்கு 160 வரை ஏற்கப்படுகின்றன, எழுத்தில் பதில் வருகிறது. என்னுடைய தனிப்பட்ட கருத்து, உழவர் அமைப்புகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் அருமருந்து. அதில் ஆரவாரம் இல்லை, ஆனால் அரசின் கையெழுத்தோடு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் நீதிமன்றத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் செல்லும்.

பூஜ்ய நேரத்தில் ஓர் உறுப்பினருக்கு 3 நிமிடம். அவசரமான, நேற்று நடந்த விஷயத்துக்கு இது ஏற்றது. அமைச்சர் உடனே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். சிறப்புக் குறிப்பு என்பது 250 சொல்லுக்கு மிகாமல் எழுதி, முன்னதாகவே ஒப்புதல் பெற்று, எழுதியதை எழுதியபடி வாசிப்பது; ஓர் உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று. கவன ஈர்ப்பில் அமைச்சர் அறிக்கை வாசிக்க வேண்டும், உறுப்பினர்கள் விளக்கம் கேட்கலாம். குறுகிய கால விவாதத்துக்கு அறிவிப்பு தருபவரோடு இன்னும் இரண்டு உறுப்பினராவது கையெழுத்திட வேண்டும். இரண்டரை மணி நேரம்வரை நடக்கலாம். கிடைத்த பதில் போதவில்லை என்றால் அதன்மேல் அரை மணி நேர விவாதம் கேட்கவும் விதி உண்டு. அதை ஏனோ யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் தனிநபர் மசோதாக்கள் வருகின்றன. அவை சட்டமாவது அரிதினும் அரிது. ஒரு கோரிக்கையைச் சட்ட மொழியில் எழுதிப் பார்த்து, அமைச்சரை அதற்குப் பதில் பேச வைப்பதற்கு நல்ல வழி.

பட்ஜெட் காலத்தில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். துறைவாரி மானியக் கோரிக்கைகளின்மேல் வாக்களிப்பது மக்களவை மட்டுமே. ஆனால் கூட்டத்தொடரின் இடைவெளியில் அந்தக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் நிலைக்குழுக்களில் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருக்கிறார்கள். கதவை மூடிக்கொண்டு நடக்கும் அந்தக் கூட்டத்தில் துறைச் செயலரே நேரில் வந்து பதில் சொல்கிறார். அவை விவாதத்தைவிட அங்கே கேட்கப்படும் ஒரு கேள்விக்குச் சில சமயம் வலு அதிகம்.

நான்காம் படி: குறிப்பை எழுதுவது

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் சிலர் சேர்ந்து உறுப்பினர் ஒருவரிடம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து மனுக் கொடுத்தோம். பதினோரு கோரிக்கை, பத்துப் பக்கம், நூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்து, முதல் பக்கத்தில் இரண்டு திருக்குறள். அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார், உதவியாளரிடம் கொடுத்தார், அத்தோடு முடிந்தது. தவறு அவருடையது மட்டும் அல்ல; பதினோரு கோரிக்கையில் எதை எந்த அமைச்சகத்துக்குக் கேள்வியாக மாற்றுவது என்பதை நாங்கள் அவர் தலையில் கட்டியிருந்தோம்.

ஒரு கோரிக்கைக்கு ஒரு தாள். மேலே அமைச்சகத்தின் பெயர், கீழே கேள்வி, அதன் கீழே பின்னணி ஐந்தாறு வரி. கேள்வியில் வாதமும் வசையும் கிண்டலும் இருந்தால் விதியே அதைத் தள்ளிவிடும். "டெல்டா உழவர்களை வஞ்சிக்கும் அரசு, நனைந்த நெல்லை வாங்க ஏன் மறுக்கிறது?" என்பது மேடைக்கு நல்ல வரி, செயலகத்தில் நிற்காது. அதையே இப்படி எழுதலாம்:

"உணவு அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) கடந்த மூன்று கொள்முதல் பருவங்களில் நெல்லின் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரித் தமிழ்நாட்டு அரசிடமிருந்து கடிதங்கள் வந்த நாள்கள், (ஆ) ஒவ்வொரு கடிதத்தின்மேலும் ஒன்றியக் குழு மாதிரி எடுத்த மாவட்டங்களும் நாள்களும், (இ) தளர்வு அளிக்கப்பட்டிருந்தால் எத்தனை சதவீதம், ஆணை வெளியான நாள் எது, மறுக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன, (ஈ) அறுவடைக் காலத்திலேயே பருவமழை பெறும் மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதித் தளர்வு கேட்க வேண்டாதபடி நிலையான விதி வகுக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா?"

இதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் (அ)வில் வரும் நாளையும் (இ)யில் வரும் நாளையும் பக்கத்தில் வைத்து, அந்த இடைவெளியில் நெல் எத்தனை நாள் களத்தில் கிடந்தது என்று எண்ணிப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

பின்னணிக் குறிப்பில் ஊர் விவரம் வர வேண்டும்: எந்த நிலையம், எந்த நாள், எத்தனை சிப்பம் (நெல் மூட்டை) திருப்பி அனுப்பப்பட்டது, ஈரப்பதமானி காட்டிய எண் என்ன. அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல், படத்தில் நாள் தெரியும்படி எடுத்த புகைப்படம் ஆகியவற்றை இணைத்துவிடுங்கள். அலுவலர் எவர் பெயரையும் எழுதாதீர்கள். அவையில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதற்கு உறுப்பினருக்கே கட்டுப்பாடு உண்டு.

ஐந்தாம் படி: உள்ளூர் விஷயத்தை நாட்டின் விஷயமாக்குவது

பூஜ்ய நேரத்தில் ஒருவர் பேசி முடித்ததும் மற்ற உறுப்பினர்கள் "நானும் இதில் என்னை இணைத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதும், அந்தப் பெயர்கள் அவைக் குறிப்பில் ஏறுவதும் வழக்கம். காவிரி நீர் என்றால் தமிழ்நாட்டு, புதுச்சேரிக் கைகள் மட்டுமே எழும். எதிர்வரிசையில் கர்நாடகக் கைகள் எழும். ஈரப்பதம் அப்படி அல்ல. ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, சத்தீஸ்கர், பஞ்சாப் என்று நெல் விளையும் எந்த மாநிலத்து உறுப்பினரும் இதில் சேர முடியும், ஏனெனில் 17 சதவீதம் அவர்கள் ஊர் உழவரையும் அதே போலத் திருப்பி அனுப்புகிறது. காப்பீட்டுத் தாமதம் என்றால் மகாராஷ்டிரத்து உறுப்பினர்கள் நமக்கு முன்பே எழுந்து நிற்பார்கள். ஆகவே உங்கள் குறிப்பில் "டெல்டாவில்" என்று தொடங்கி "நெல் கொள்முதல் செய்யும் எல்லா மாநிலங்களிலும்" என்று முடியும் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

பல முனைகள் ஒன்றாக நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 வசந்தகாலத்து நிகழ்ச்சி சான்று. தஞ்சை மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரி வட்டாரங்கள் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் இருப்பது தெரியவந்ததும், முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றத்தில் கவன ஈர்ப்பு வந்தது, நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் எழுப்பினார்கள், ஊர்களில் உழவர்கள் திரண்டார்கள். ஏப்ரல் 8 அன்று அந்த மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக ஒன்றிய நிலக்கரி அமைச்சர் அறிவித்தார். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த 2020ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் கையில் இருந்ததால் எல்லா முனைகளிலும் ஒரே வாதத்தை வைக்க முடிந்தது.

ஆறாம் படி: மொழியும் நிமிடமும்

உறுப்பினர் தமிழில் பேசலாம்; முன்கூட்டித் தெரிவித்தால் உடனடி மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு உண்டு. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கும் மாநிலங்களவையில் இந்த வசதி 2018 முதல் இருக்கிறது. ஆனால் தாளடி, கடைமடை, முறைப்பாசனம், சிப்பம் போன்ற சொற்கள் காதில் விழுந்த நொடியில் எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் மூச்சு முட்டும். ஒரு சிப்பம் 40 கிலோ என்பதிலிருந்து தொடங்கி, பத்துச் சொற்களுக்கு ஆங்கில விளக்கம் எழுதி உரையோடு முன்னரே கொடுத்துவிடச் சொல்லுங்கள். எண்களைத் தனித் தாளில் கொடுங்கள். காதால் கேட்டு மொழிபெயர்க்கும்போது முதலில் பிறழ்வது எண்தான்.

3 நிமிடத்தில் முதல் அரை நிமிடத்துக்குள் கோரிக்கை வந்துவிட வேண்டும். சோழநாடு சோறுடைத்து என்று தொடங்கி, கரிகாலன், கல்லணை என்று போய் 17 சதவீதத்துக்கு வருவதற்குள் ஒலிவாங்கி ஓய்ந்துவிடும். விரிவான விவாதங்களில் நேரம் கட்சியின் பலத்துக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது; சிறிய கட்சி உறுப்பினருக்குப் பத்து நிமிடம் என்று சொல்லி நான்கே கிடைக்கலாம். ஆகவே எந்த இடத்தில் வெட்டினாலும் நிற்கும்படி உரையை அமைக்க வேண்டும்.

ஏழாம் படி: பதில் வந்த பிறகு

பதில் அன்றே இணையதளத்தில் ஏறிவிடும். அதை வரிவரியாகப் படித்து, (அ), (ஆ), (இ), (ஈ) நான்குக்கும் தனித்தனியே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே பத்தியில் திட்டத்தின் சிறப்பைச் சொல்லும் பதில் வந்தால், விடுபட்ட உட்பிரிவை மட்டும் எடுத்து அடுத்த தொடரில் தனிக் கேள்வியாகக் கொடுக்க வேண்டும்.

"விவரம் சேகரிக்கப்படுகிறது", "பரிசீலனையில் உள்ளது", "ஆவன செய்யப்படும்" என்பவை நமக்குச் சலித்துப்போன சொற்கள். அவையில் இவற்றுக்கு வேறு மதிப்பு. அமைச்சர் சொன்னவுடன் இத்தகைய தொடர்கள் உறுதிமொழி என்று கணக்கில் ஏறுகின்றன. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அவையில் அறிக்கை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அரசின் உறுதிமொழிகளுக்கான குழு அந்தத் துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். ஆகவே அந்தத் தொடர் வந்த நாளை நாட்காட்டியில் குறித்து, மூன்றாம் மாத முடிவில் உறுப்பினருக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். பொதுமக்கள் நேரடியாக அனுப்பும் மனுவை ஆராய மனுக்கள் குழுவும் இருக்கிறது. உறுப்பினர் ஒருவரின் மேலொப்பத்தோடும் அனுப்பலாம்.

கடைசியாக, வந்த பதிலைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் கொள்முதல் நிலையத்தின் சுவரிலும் ஒட்டுங்கள். பட்டியல் எழுத்தரும் அதைப் படிக்கட்டும். அடுத்த தையில் மானி 18.6 காட்டும்போது, அந்த எண்ணைப் பற்றி யாரிடம் எந்த நாளில் கேட்கப்பட்டிருக்கிறது என்பது மேடையின் இரு பக்கமும் தெரிந்திருக்கும்.